பத்தாம் கதிரை

ஜூலை 9, செவ்வாய்

காலையிலேயே கச்சான், மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று. கடைக் கதவைத் திறக்க முதல் வாய்க்குள் மணல். கொழும்புப் பெட்டி வந்து சேர்ந்தது. இம்முறையும் பழைய கிராஃபிக்ஸ் கார்ட்கள். வெளிநாட்டில் எங்கோ ஒரு மண்டபத்தில் இணையக் காசு தோண்டும் வேலைக்கு இரவு பகலாக ஓடிக் களைத்தவை. அந்த வியாபாரம் படுத்ததும் மொத்தமாக விற்றுத் தள்ளிவிட்டார்கள். நமக்கென்ன. படம் ஓடினால் சரி.

புதுக் கார்ட்டின் விலையைச் சொன்னால் சாய்ந்தமருதில் எந்த வாப்பாவும் மகனை ஏசிக்கொண்டு எழும்பிப் போவார். இந்தப் பழசைச் சொன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கழற்றித் துடைத்தேன். விசிறிகளுக்குள் சிவப்புத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கோடு. நம் கரையில் இந்த நிறத்தில் மண் கிடையாது. ஒரு கார்ட்டுக்குள் காய்ந்துபோன பூச்சி, நீளக் கால். இந்த ஊர்ப் பூச்சியில்லை. ஏனோ கையால் எடுக்க மனம் வரவில்லை. பேப்பரால் தள்ளி வெளியே போட்டேன்.

சில வேலை செய்யவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் போட்டேன். மகள் ஸீனத் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, இதுல ஒண்ட நான் எடுக்கட்டா?"

"எதுக்கு புள்ள?"

"சும்மா. பழுதானதுதானே."

எடுத்துக்கொள் என்றேன். சின்ன வயதில் பழைய பற்றரிகளை அடுக்கி வைத்து விளையாடுவாள். அந்தப் பழக்கம் போகவில்லை போல. வீட்டில் இருந்தே வெளிவாரிப் பட்டம் படிக்கிற பிள்ளை.

கட்டி முடியாத மேல் மாடி வீட்டில் ஜன்னலை அடைத்த தகரம் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆணி வாங்க வேண்டும்.

ஜூலை 10, புதன்

வெயில். காற்று குறையவில்லை. கடைக்கு ஒரு ஆள் இல்லை.

எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும். முன்பெல்லாம் இந்தக் கேம் கடையில் உட்காரும் கதிரைகளுக்கு அடிபிடி. பள்ளிக்கூடம் விட்டால் வாசல் முழுக்கச் செருப்பு. ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் நான் வைத்த பெயர் கதிரை 1, கதிரை 2 என்று பத்துவரை. துவக்குச் சூட்டு விளையாட்டுக்கு ஒரு பெரிய சத்தம் எழும்பும், பக்கத்துத் தையல்கடைக்காரர் சுவரில் தட்டுவார்.

பழைய கார்ட்கள் வந்தன. பையன்களின் வீட்டுக்கே போய்ப் பூட்டிக் கொடுத்தேன். கடையும் நடக்கும், கார்ட்டும் விற்கும் என்று கணக்குப் போட்ட மூளை என்னுடையது. கடைசிக் கார்ட் பூட்டி முடிய, கடையில் நானும் ஃபேனும்தான். உட்கார்ந்திருந்த கிளையை நானே அறுத்தேன் என்று ஹமீதா சொல்கிறாள். மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மிச்சம் இருப்பது சேர்வர் மட்டும். பையன்கள் வீட்டிலிருந்தே என் கடைச் சேர்வருக்குள் வந்து விளையாடுகிறார்கள். ஊருக்குள்ளேயே இருப்பதால் சுணக்கம் இல்லை. அதிலேயே கதைக்கிற அறையும் இருக்கிறது. ஹெட்செட்டைப் போட்டால் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் காதுக்குள். நான் என் மைக்கை அமத்தி வைத்து, சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். ஆளில்லாக் கடையில் இருந்து சத்தம் மட்டும் கேட்பது ஒரு மாதிரித்தான். பழகிவிட்டது.

பெயர்கள் பழைய பெயர்கள். கடை டிஸ்க்கைத்தான் எல்லோருக்கும் பிரதி எடுத்துப் போட்டேன், அதனால் கதிரை எண்களும் கூடவே போய்விட்டன. அஸ்மி கதிரை 3, இன்னும் பெருமையாக வைத்திருக்கிறான். ஐஸ் ஆலையில் வேலை, கல்யாண வயது வந்துவிட்டது, ஆனாலும் கதிரை 3. அந்த டிஸ்க்கில் குரல் மாற்றுகிற மென்பொருளும் இருக்கிறது. ஒருத்தன் அதை வைத்துத் தன் பெரியப்பாவுக்குப் பள்ளிக்கூட அதிபர் போல் பேசி, பிறகு அடி வாங்கினான். அழிக்க வேண்டும் என்று நினைத்து அழிக்காமலே விட்டேன்.

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஊரே படுத்திருக்கும் நேரம், அறைக்குள் ஒரு ஸலாம். தடித்த ஆம்பிளைக் குரல். அமைதியான குரல்.

திரையைப் பார்த்தேன். கதிரை 10.

கதிரை 10 யாருக்கும் நான் கொடுக்கவில்லை. ஏசி நீர் சொட்டி அதன் கார்ட் எரிந்து, கடையெல்லாம் ஒரு நாற்றம். அதை மூட்டையாகக் கட்டி ஓரம் போட்டது எப்போதோ.

ஜூலை 12, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு அட்டாளைச்சேனையில் இருந்து ஸீனத்தைப் பெண் பார்க்க ஆட்கள். மாப்பிள்ளையின் உம்மாவும் சாச்சியும். மாப்பிள்ளை ஆசிரியர். நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மேல் வீட்டைப் பார்த்தார்கள். ஒரே மகள், இந்தக் கீழ் வீடு ஹமீதாவுக்கு அவள் உம்மா கொடுத்தது, மேலே மகளுக்கு. மாப்பிள்ளை இங்கேதான் வந்து இருப்பார். சுவர் எழும்பிவிட்டது, கூரை இன்னும் தகரம். ஒரு அறைக்கு மட்டும் கதவு. அந்தக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே மேசனின் சாமான், என் பழைய குப்பை எல்லாம் என்று ஸீனத் சொன்னாள். மாப்பிள்ளையின் உம்மா அந்த அறையைத் தன் மகன் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்க எடுக்கலாம் என்றார்.

பிறகு கீழே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "உங்கட மகள்ர சத்தமே வெளிய கேக்காதாமே. அதுதான் எங்களுக்குப் புடிச்ச."

"எங்கட புள்ள அப்படித்தான். நெட்டு, கேம் அதொண்டும் தெரியா," என்றாள் ஹமீதா. அவள் முகத்தில் வெளிச்சம்.

அவர்கள் போன பிறகு நான்தான் கேட்டேன். நிக்காஹ்வுக்கு வலி, அதாவது பொறுப்புக்காரன், நான்தான்; கேட்கிற கடமை எனக்கு. "புள்ள, சம்மதமா?"

ஸீனத் தலையைக் குனிந்துகொண்டு கப்புகளை எடுத்தாள். பேசவில்லை. குமர்ப் பிள்ளை பேசாமல் நின்றால் சம்மதம் என்றுதான் எடுப்பது. ஹமீதாவும் அப்படித்தான் சம்மதித்தாள், அவள் வாப்பாவிடம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் எழுதக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

கூரைக்கு ஓடு போட வேண்டும். கடைச் சாமானை மொத்தமாக விற்றுவிட்டால் முடியும். இரவு ஹமீதாவோடு மட்டும் கதைத்தேன், கதவைச் சாத்திக்கொண்டு.

ஆணி வாங்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

வானம் மங்கல். மழை இல்லை.

பக்கத்து வீட்டுச் சுலைகா வேலியால் எட்டி ஹமீதாவிடம்: "என்னகா, உன்ட மகள் மேல தனிய இருந்து கதைக்கிறா. பகலைக்கு. சிரிக்கிறா வேற. எனக்கு நெஞ்சு திக்கெண்டு போச்சு."

"போன்ல கூட்டாளிமாரோட கதைப்பா."

"போன் கீழ மேசையில கிடந்த. நான் பாத்தன்தானே."

ஹமீதா என்னிடம் சொல்லும்போது குரல் நடுங்கியது. குடி போகாத வீடு. சுவர் எழுப்பி, கதவு வைத்து, ஆள் புழங்காமல் இத்தனை காலம். அப்படி வெறுமையாகக் கிடக்கும் வீட்டில் வேறு ஆட்கள் குடியேறுவார்கள் என்று அவள் உம்மா சொன்னதாம். வேறு ஆட்கள் என்றால் நம் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பிறகு மேலே போய்ப் பார்த்தேன். கதவு பூட்டு. தகரம் காற்றில் டக், டக்டக். சீமெந்து மணம். சாவித் துவாரத்தில் கண் வைக்கப் போய், வைக்காமல் இறங்கிவிட்டேன்.

"சாவி எங்க?" என்று ஸீனத்திடம் கேட்டேன்.

"என்னட்ட வாப்பா. அங்க இருந்துதான் படிக்கிற. கீழ உம்மாட மிக்சர் சத்தம்."

நியாயமான பதில். கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூலை 15, திங்கள்

கார்ட் இரண்டு விற்றது. ஒன்று நிந்தவூர்ப் பையனுக்கு. மற்றது ஒரு பெண்பிள்ளை, அபாயா, முகம் மூடியிருந்தாள். ஆருக்கு என்று கேட்டேன், தம்பிக்கு என்றாள். பெட்டியின் அளவு, மின் வழங்கியின் அளவு எல்லாம் சரியாகச் சொன்னாள். இப்படி முன்னும் வந்திருக்கிறார்கள், தம்பிக்கு, சாச்சா மகனுக்கு என்று. விற்ற கார்ட்களையும் நான் அறிந்த பையன்களையும் மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். கார்ட்தான் கூட. இந்த ஊரில் எனக்குத் தெரியாத பையன்கள் இத்தனை பேரா.

பகல். கட்டாப்பாறை மீன் கறி, ஹமீதா கட்டித் தந்தது. சாப்பிட்டுவிட்டு ஹெட்செட்டைப் போட்டேன். அறைக்குள் அஸ்மியும் இன்னும் இரண்டு பேரும். அவர்களுக்கு நான் கடைக் காக்கா, கடை அண்ணன்.

அஸ்மி: "கடைக் காக்கா சேர்வர இண்டைக்கு ரீஸ்டார்ட் பண்ணல்ல. படுத்திட்டாரு போல."

கதிரை 10: "கட்டாப்பாறைக் கறி. அதுக்குப் பிறகு எழும்பமாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சோற்றுப் பெட்டியைப் பார்த்தேன். மூடியிருந்தது. கடைக்குள் யாரும் இல்லை. தெருவில் யாரும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே வெயில் மட்டும்.

எழும்பிக் கடைக் கதவை உள்ளால் பூட்டினேன். பட்டப்பகலில். பிறகு என்னை நானே ஏசிக்கொண்டு திறந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

அஸ்மி வேலை முடிந்து கடைக்கு வந்தான், பழைய பழக்கத்தில் கதிரை 3இல் உட்கார்ந்தான். கேட்டேன், கதிரை பத்து யார் என்று.

"றிழாட மச்சான் எண்டு நெனச்சன் காக்கா."

கூட விளையாடுகிற றிழாவுக்குப் போன் போட்டான். றிழா சொன்னான், அஸ்மியின் ஐஸ் ஆலைக் கூட்டாளி என்று நினைத்தானாம். இன்னொருத்தன், மருதமுனைப் பையன் என்றான். மருதமுனைப் பையன்கள், அவர் சாய்ந்தமருது ஆள்தானே என்றார்கள். எல்லோருக்கும் அவனைத் தெரியும், யாருக்கும் அவன் யார் என்று தெரியாது. நல்லா விளையாடுவானாம். துவக்கை முதலில் எடுக்கமாட்டானாம், காத்திருந்து சுடுவானாம். யாரையும் ஏசமாட்டானாம்.

"ஒண்டு கவனிச்சீங்களா காக்கா," என்றான் அஸ்மி. "பாங்கு சொன்னா நாங்க எல்லாம் எழும்பிப் போற. அவன் போகமாட்டான். திரும்பி வந்தா அங்கதான் இருப்பான்."

"தொழாதவன் ஊருக்குள்ள இல்லையா?"

"ஸலாம் சொன்னா முழுசாப் பதில் சொல்றான். ஜின்னுக்குள்ளயும் முஸ்லிம் ஜின் இருக்குத்தானே காக்கா." பல்லைக் காட்டினான்.

நான் சிரிக்கவில்லை. அவனுக்கு வீட்டுக் கதை தெரியாது.

செய்ய:
- சேர்வர் பெட்டிக்குத் தூசி
- மின்சாரக் கட்டணம்
- ஆணி (!!)
- வீட்டில் லெப்பை வருவதற்கு ஊதுபத்தி, பழம்

ஜூலை 17, புதன்

பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பை வந்தார். மேல் வீட்டில் யாஸீன் ஓதினார். ஸீனத் அறையைத் திறந்து கொடுத்தாள். உள்ளே ஒரு பாய், குர்ஆன் வைத்து ஓதும் ஒரு ரெஹால், புத்தகங்கள். மூலையில் மேசனின் தார்ப்பாயால் எதையோ மூடிக் கிடந்தது. சீமெந்துப் பக்கற்றுகள் என்று நினைத்தேன். லெப்பை நாலு மூலைக்கும் ஊதினார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஸீனத் குடித்தாள், கையில் நூல் கட்டவும் விட்டாள். ஒரு மறுப்பும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போகும்போது லெப்பை என்னைத் தனியே கூப்பிட்டு: "புள்ள சுகமாத்தான் இருக்கா. ஆனா அந்த அறை வெறுமையா இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"சூடு இருக்கு. ஆள் இருந்து எழும்பின இடம் மாதிரி."

இது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கை தார்ப்பாய்ப் பக்கம் ஒரு தரம் போய் வந்ததையும் பார்த்தேன்.

கடைக்குப் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. இன்று முழுக்கக் கதிரை 10 வரவில்லை என்றார்கள்.

ஜூலை 18, வியாழன்

கச்சான் மறுபடி பலமாக. கடற்கரைத் தோணிகள் இறங்கவில்லையாம், மீன் இல்லை. முட்டைக் கறி.

இன்று கேட்டது. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

றிழா: "கடைக் காக்கா கடைய மூடப் போறாராம். சேர்வரும் போயிரும்."

கதிரை 10: "இப்ப மூடமாட்டாரு. மேல் ஊட்டுக்கு ஓடு வாங்கத்தான் விப்பாரு. கல்யாணத்துக்கு முதல்."

அது வெள்ளிக்கிழமை ஹமீதாவிடம் சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு, என் வீட்டு அறைக்குள். எங்கள் அறையின் கூரை மேல் வீட்டின் தரை.

என் வீட்டுக்குள் ஒரு ஆம்பிளை இருக்கிறான். அல்லது ஆம்பிளை போல ஒன்று. மகள் மேலே தனியே இருந்து கதைக்கிறாள், சிரிக்கிறாள். இங்கே அவன் கதைக்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பயந்து ஹெட்செட்டைக் கழற்றினேன். ஜின் என்றால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆள் என்றால் மகளின் மானம், அட்டாளைச்சேனை, ஊர். அல்லாஹ் மன்னிக்கட்டும், ஒரு தகப்பன் நினைக்கக்கூடாத எல்லாம் நினைத்தேன்.

வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தேன். ஸீனத் முட்டைக் கறியை இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

ஜூலை 20, சனி

அஸர் தொழுகைக்கு முதல். கடையில் நான் மட்டும். காதில் ஹெட்செட். அறைக்குள் நிறையப் பேர், ஆட்டம் சூடு. பத்து எதையோ ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தான், இடது பக்கம் சுவர், குனிந்து வாங்க என்று.

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். டொம். பிறகு டொம் டொம். யாரோ வெறும் பீப்பாயில் தட்டுவது போல. காற்று கூடும்போது கூடியது. கடைக் கண்ணாடி அதிர்ந்த அதே நேரம் அங்கேயும் டொம்.

அதற்குப் பின்னால், தூரத்தில் இருந்து, இன்னொரு ஆம்பிளைக் குரல். இன்னும் கனமான குரல், கிணற்றுக்குள் இருந்து வருவது போல. அது கூப்பிட்டது:

"ஸீனத்... புள்ள... கீழ வா..."

பத்து அப்படியே நின்றுவிட்டான். பெயர் அறையை விட்டு மறைந்தது.

கடையைப் பூட்டினேனா தெரியாது. சைக்கிளை எடுத்தேன். சந்தியில் யாரோ ஸலாம் சொன்னார், பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். குசினியில் ஹமீதா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸீனத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் வந்த? ஆர் கூப்பிட்ட மகள?"

"நான்தான் கூப்பிட்ட," என்றாள் ஹமீதா. "என்ன, இப்படி மூச்சு வாங்குது?"

மேலே ஏறினேன். யாரும் இல்லை. பின்பக்கம் இறங்க வழியும் இல்லை. ஜன்னல் ஓட்டையில் தகரம் டக், டக்டக்.

டக். இங்கே டக். அங்கே டொம்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

நித்திரை இல்லை. எழுதினால் தெளியும்.

குரல் மாற்றுகிற மென்பொருள் மைக்கில் விழும் எல்லாவற்றையும் மாற்றும். ஆளை மட்டும் அல்ல. தகரத்தையும். ஹமீதாவையும். மகளைக் கூப்பிட்ட கிணற்றுக் குரல் ஹமீதாவின் குரல். அப்படியானால் பத்தின் குரல்?

கதிரை 10. எரிந்த கார்ட்டோடு மூட்டையாகக் கட்டியது. கடையில் இடம் இல்லையென்று வீட்டுக்குக் கொண்டுவந்து மேல் அறையில் போட்டதே நான்தான். பெட்டி, திரை, ஹெட்செட், என் டிஸ்க், எல்லாம். மேசன் தன் தார்ப்பாயை மேலே போட்டான். பழுதான கார்ட்டில் ஒன்றை எடுக்கட்டா என்று என்னிடமே கேட்டாள். இதற்கு முன்னும் இப்படிக் கேட்டிருக்கிறாள், நான் ஓம் ஓம் என்று சொல்லியிருக்கிறேன். நான் பழுது என்று தள்ளியதை அவள் திருத்தி ஓட்டுகிறாள். சூடு இருக்கு என்று லெப்பை சொன்னது பொய்யில்லை.

அவள் உம்மாவோடு கடைவாசலால் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போவாள். உள்ளே வரச் சொல்லவில்லை, வரவும் முடியாது. பையன்கள் நிறைந்த கடை. ஒரு கதிரை அவளுக்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கார்ட் மலிந்தது, கதிரை தானே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பாங்கு சொன்னால் அவள் ஏன் பள்ளிக்குப் போவாள். அங்கேயே பாயை விரித்துத் தொழுதுவிட்டுத் திரும்பி வந்து உட்காருவாள்.

முதலில் கோபம். பிறகு பெரிய ஆறுதல், அழுகையே வந்தது. ஆம்பிளை இல்லை, ஜின் இல்லை, என் பிள்ளை. பிறகு, இதைத்தான் எழுத வேண்டும், ஆறுதலுக்குப் பிறகு மறுபடி அந்தப் பயம். வீட்டில் என் முன்னால் அவள் பேசிய சொற்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். அந்த அறைக்குள் மணிக்கணக்காகக் கதைக்கிறாள், ஆளுக்கு ஆள் பகிடி விடுகிறாள், பையன்களை இடது வலது என்று நடத்துகிறாள், அவர்களும் கேட்கிறார்கள். எந்தப் பிள்ளையை நான் வளர்த்தேன், எந்தப் பிள்ளை மேலே இருக்கிறது.

இன்று பகல் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து வந்தாள். வந்தான். பிறகு கதிரை இல்லாத வேறு பெயர்கள், தடித்த குரல்கள், ஒரே மாதிரித் தடிப்பு. முன்பு கவனிக்கவில்லை. அபாயாக்காரப் பெண்பிள்ளையின் தம்பி, சாச்சா மகன்... அந்தக் குரல்களில் எத்தனைக்கு உள்ளே யார் இருக்கிறார்கள். கடை இருந்தபோது பத்துக் கதிரைதான் ஊர் என்று நினைத்தேன்.

ஹமீதாவிடம் சொல்லவில்லை. அஸ்மியிடமும்.

ஜூலை 22, திங்கள்

கடைச் சாமான் எடுக்க அக்கரைப்பற்று வியாபாரி போன் எடுத்தார். வியாழன் வருவாராம். சேர்வரோடு சேர்த்து வேண்டுமாம்.

அட்டாளைச்சேனையில் இருந்தும் போன். புதன்கிழமை நாள் குறிக்க வருகிறார்கள். மேல் அறையில் ரியூஷனுக்கு மேசை, பிள்ளைகள் இருக்க வாங்கு எல்லாம் மாப்பிள்ளையே அளவெடுத்துச் செய்விக்கிறாராம். "குப்பய எல்லாம் அகத்தி வைக்கச் சொல்லுங்க," என்று மாப்பிள்ளையின் உம்மா.

ஹமீதா மகளிடம் சொன்னாள். ஸீனத் தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் அவள் நடப்பதுகூடச் சத்தமில்லாமல்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் கட்டிய நூலைத் திருகிக்கொண்டு நின்றாள்.

ஆணி வாங்கினேன். அடிக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

காற்று பின்னேரம் விழுந்தது. புழுக்கம்.

மஃரிபுக்குச் சற்று முன் கடையில் உட்கார்ந்தேன். காதில் எல்லோரும். பாங்கு தொடங்கியது, முதலில் கடைப் பக்கப் பள்ளியில், பிறகு காதுக்குள், என் வீட்டுப் பக்கத்துப் பள்ளி, தடித்து, மெதுவாக. ஹெட்செட்டைக் கழற்றி முடியும்வரை மடியில் வைத்திருந்தேன். மறுபடி போட்டபோது பையன்கள் போயிருந்தார்கள். பட்டியலில் ஒரு பெயர் மட்டும். கதிரை 10.

மைக்கைத் திறந்தேன். இத்தனை காலத்தில் முதல் தரம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பிறகு அந்த ஆம்பிளைக் குரல், முழுசாக: "வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு."

"நான்தான்," என்றேன்.

"தெரியும் வாப்பா."

அந்தக் குரலில் வாப்பா என்று கேட்டது. என்னைவிட மூத்த ஒரு மனிதர் என்னை வாப்பா என்று கூப்பிட்டது போல. குரலை மாற்று, உன் குரலில் பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் குரலில் அவள் பேசமாட்டாள், அது எனக்குத் தெரியும்.

"நாளைக்கு நாள் குறிக்க வாறாங்க," என்றேன்.

"ஓம்."

"கேக்கிற கடமை எனக்கு. திருப்பிக் கேக்கிறன். சம்மதமா?"

மூச்சு ஒன்று இழுத்து விட்ட சத்தம், அதுவும் தடித்து.

"இல்ல வாப்பா. எனக்கு வேணா. அவர் கூடாதவரெண்டு இல்ல. எனக்கு இந்த அறை வேணும், இந்தச் சேர்வர் வேணும், வேலையொண்டு வேணும். கார்ட் திருத்த எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாததும் தெரியும். கடைய விக்காம ஊட்டுக்குக் கொணந்து வைங்க, நான் பாத்துக்கொள்றன். அண்டைக்குக் கேட்டீங்க, நான் பேசாம நிண்டன். சம்மதம் எண்டு எடுத்தீங்க."

இத்தனை சொல் அவள் என்னோடு பேசியதில்லை. உறுதியான, தெளிவான, ஊர் கேட்கிற குரல். ஊரில் எவரும் எழும்பி நின்று கேட்பார்கள். பதில் சொல்லப் பார்த்தேன். ஹமீதாவின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சம், அட்டாளைச்சேனை, சுலைகா, லெப்பை, ஓடு, எல்லாம் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன.

எங்கோ ஒரு காற்று. டொம்.

"வாப்பா?"

திரையில் கதிரை 10. பக்கத்தில் என் பெயர்.

"இப்ப நீங்க பேசாம இருக்கீங்க," என்றது அந்த ஆம்பிளைக் குரல். "நானும் சம்மதம் எண்டு எடுக்கட்டா?"

நான் பேசாமல் இருந்தேன்.